சுட்ட உறை சிலிண்டரை விட்டு வர மறுத்தால்

ரிவால்வரில் ஆறு தோட்டாவும் சுட்டு முடித்துச் சிலிண்டரைத் திறந்து, எஜெக்டர் கம்பியை ஓர் அழுத்து அழுத்தினால் வெற்று உறைகள் பொலபொலவென்று கீழே உதிர வேண்டும். உதிராமல் கம்பி முரண்டு பிடிக்கிறது, உள்ளங்கையால் தட்ட வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. கடைத் தோட்டாவில் இப்படி நடந்தால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். நீங்களே வெடிமருந்து அளந்து, குண்டு பதித்து, ரீலோட் செய்த தோட்டாவில் நடந்தால் முதல் சந்தேகம் மிகை அழுத்தத்தின் மேல்தான் விழ வேண்டும். காரணம் அழுத்தம் இல்லை என்று சோதித்து உறுதியாகும் வரை அந்தத் தொகுப்பில் இன்னொரு தோட்டா சுடக் கூடாது. கீழே சொல்லும் வழிமுறை எல்லாம் இந்த ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

டர்பன், டொங்காட், ஸ்டாங்கர் என்று தென்னாப்பிரிக்காவின் இந்தக் கடலோரப் பகுதியில் ரிவால்வர் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஈரக் காற்றும் உப்பும் சேர்ந்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையின் சுவரில் துருப்புள்ளி வைத்துவிடும். அதைப் பின்னால் பார்ப்போம். முதலில், சிக்கிய உறையைப் பத்திரமாக வெளியே எடுக்கும் முறை.

ரேஞ்சில், அந்த நிமிடத்தில்

துப்பாக்கியின் வாய் பாதுகாப்பான பக்கம் பார்க்கட்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். சிலிண்டரில் இருப்பது அத்தனையும் சுட்ட உறைதானா என்று பிரைமரை (உறையின் அடியில் நடுவிலுள்ள சிறு தீமூட்டியை) பார்த்து எண்ணுங்கள். பிரைமரில் குழி விழாத தோட்டா ஒன்று இருந்தாலும் அது உயிருள்ள தோட்டா. குழி விழுந்தும் வெடிக்காத தோட்டாவும் அப்படித்தான். அவை உள்ளே இருக்கும்போது கம்பியையோ சிலிண்டரையோ எதனாலும் அடிக்கக் கூடாது. வாயைத் தரையை நோக்கிச் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து, சுடாத தோட்டாவைப் பின்பக்கமாக நகத்தால் இழுத்து முதலில் அகற்றுங்கள்.

பிறகு குழாய் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, இடக்கையால் சிலிண்டரைச் சுற்றித் தாங்கிக்கொண்டு, வலது உள்ளங்கையால் கம்பியின் நுனியில் நேர்கோட்டில் ஒரே ஒரு தட்டு. நேர்கோட்டில் என்பது முக்கியம். சாய்வாகத் தட்டினால் கம்பி வளையும். வளைந்த கம்பியோடு சிலிண்டர் சுற்றும்போது ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தளரும். மேசை விளிம்பில் வைத்து இடிப்பது, ரப்பர் சுத்தியலால் அடிப்பது இரண்டும் வேண்டாம். அடியின் பாரம் முழுவதும் சிலிண்டரைத் தாங்கும் மெல்லிய கைப்பகுதியில் இறங்குகிறது. அது கோணினால் அறையும் குழாயும் ஒரே கோட்டில் நிற்காது.

ஒரு தட்டில் வரவில்லையா, ஐந்து நிமிடம் விடுங்கள். பித்தளை எஃகைவிடச் சற்று அதிகம் சுருங்கும் உலோகம். ஆறினால் பிடி கொஞ்சம் தளரும். அப்போதும் வராவிட்டால் ஒரு மரக்குச்சி வேண்டும். .38, .357 அறைக்கு 8 மில்லிமீட்டர், .44, .45 அறைக்கு 10 மில்லிமீட்டர் தடிமன். ஹார்டுவேர் கடையில் நீளக் குச்சியாக விற்பார்கள், 20 சென்டிமீட்டருக்கு வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து குச்சியை விட்டால் அறையின் தொண்டை வழியே உறைக்குள் போய் அதன் அடித்தளத்தில் முட்டும். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். எந்த அறையிலிருந்து எந்த உறை வந்தது என்பதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறையும் ஒரே பையில் கொட்டிவிட்டால் பாதிச் சாட்சியம் போயிற்று.

உறை ஏன் சிக்குகிறது

வெடிக்கும் கணத்தில் பித்தளை உறை வீங்கி அறைச் சுவரில் அப்பிக்கொள்கிறது. அப்படி அப்பினால்தான் வாயு பின்னால் கசியாது. அழுத்தம் தணிந்ததும் உறை தன் நெகிழ்வால் கொஞ்சம் உள்வாங்குகிறது. அந்த உள்வாங்கல் மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். அது கிடைத்தால் உறை விழும், கிடைக்காவிட்டால் சிக்கும்.

எஃகும் அந்தக் கணத்தில் சும்மா இருப்பதில்லை, அதுவும் நெகிழ்ந்து விரிகிறது. அழுத்தம் மிஞ்சும்போது சுவர் வழக்கத்தைவிட அதிகம் விரிந்து, பிறகு பழைய இடத்துக்கே திரும்புகிறது. பித்தளையோ அதன் நெகிழ்வெல்லையைத் தாண்டி நிரந்தரமாக வீங்கிவிட்டதால் அவ்வளவு தூரம் உள்வாங்க முடிவதில்லை. திரும்பி வரும் எஃகு அதைக் கவ்விக்கொள்கிறது. மிகை அழுத்தத்தில் உறை சிக்குவது இதனால்தான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வரையறைப்படி .357 மேக்னத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. .38 ஸ்பெஷலுக்கு 17,000. .45 கோல்ட்டுக்கு 14,000 மட்டுமே. மேக்னத்தின் அழுத்தத்திலேயே சுத்தமான அறையில் நல்ல பித்தளை சிக்காமல் வர வேண்டும். அப்படியிருக்க, .38-க்கு மட்டுமே செய்த ரிவால்வரில், சுத்தமான அறையில், மிகை அழுத்தத்தால் உறை சிக்குகிறது என்றால் அளவு ‘கொஞ்சம் கூடிவிட்டது’ என்று நினைக்கக் கூடாது. இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கலாம். குறைந்த அழுத்தத் தோட்டாவில் உறை சிக்குவது முன்னெச்சரிக்கையே இல்லை, ஆபத்தைத் தாண்டிய பிறகு வரும் செய்தி. பிரைமர் தட்டையானதா என்று பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வதும் உதவாது. ரிவால்வரில் முதலில் பிரைமர் பின்னால் தள்ளி, பிறகு உறை பின்வாங்கி அதைச் சட்டத்தில் நசுக்குவதால், மிதமான அளவிலேயே பிரைமர் தட்டையாகத் தெரியலாம், அபாயமான அளவில் உருண்டையாகவும் இருக்கலாம்.

எந்த அறை, எத்தனையாவது தோட்டா

வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் மார்க்கரால் எண் இடுங்கள். துப்பாக்கியை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த முறை போகும்போது கடைத் தோட்டா பன்னிரண்டு கையில் இருக்கட்டும். முதலில் அவற்றைச் சுடுங்கள். கடைத் தோட்டாவும் சிக்கினால் குற்றம் துப்பாக்கியில். அது தாராளமாக விழுந்து, உங்கள் தோட்டா மட்டும் அன்று சுத்தமான அறையில் முதல் ஆறிலேயே சிக்கியிருந்தால் குற்றம் தோட்டாவில். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். உங்கள் தோட்டாவில் இரண்டாவது ஆறைச் சுட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

முதல் ஆறு, இரண்டாவது ஆறு நன்றாக விழுந்து, முப்பது நாற்பது சுட்ட பிறகு மெல்ல மெல்ல இறுகுகிறது என்றால் அது கரியும் ஈயமும் படிவது. எப்போதும் ஒரே எண் அறையில் மட்டும் சிக்கினால் அந்த அறையில் கீறலோ, துருப்பள்ளமோ, தயாரிப்பில் விட்டுப்போன பிசிரோ இருக்கிறது. இன்று மூன்றாம் அறை, நாளை ஐந்தாம் அறை என்று ஒன்றிரண்டு உறை மட்டும் இடம் மாறிச் சிக்கினால் பலவித உறைகள் கலந்திருக்கின்றன. பல கம்பெனி உறை, பல துப்பாக்கியில் சுட்டுப் பொறுக்கியது. ஆறும் முக்கால் தூரம் சுலபமாக வந்து பிறகு நின்றுவிட்டால் அது சிக்கலே அல்ல. இரண்டு அங்குலக் குழாய் உள்ள சிறு ரிவால்வரில் கம்பியின் ஓட்டம் மேக்னம் உறையின் நீளத்துக்குப் போதாது. வாயை நன்றாக நிமிர்த்தி, கம்பியை வேகமாக அடித்து அழுத்தினால் உறை தன் வேகத்திலேயே வெளியேறும்.

.357 அறையில் .38 விட்டுச் செல்லும் வளையம்

.357 மேக்னம் ரிவால்வரில் .38 தோட்டாவையும் சுடுபவர்களுக்கு, மருந்தளவு சாராத காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். .38 உறையின் நீளம் 29.3 மில்லிமீட்டர், .357 உறை 32.8 மில்லிமீட்டர். .38 சுடும்போது அதன் வாய்க்கு முன்னால் மூன்றரை மில்லிமீட்டர் அறை வெறுமையாக நிற்கிறது. ஒவ்வொரு வெடியிலும் கரி, குண்டின் மெழுகு, ஈயத் துகள் மூன்றும் அங்கே போய் வளையமாக உறைகின்றன. பிறகு அதே அறையில் .357 போட்டால் அதன் வாய் அந்த வளையத்துக்குள் திணிக்கப்படுகிறது. உள்ளே போகும்போதே கடைசியில் கட்டைவிரல் அழுத்தம் தேவைப்பட்டால் வளையம் இருக்கிறது என்று அர்த்தம். வாய் விரிய இடமில்லாமல் குண்டை இறுக்குவதால் அழுத்தமும் ஏறும். ஆகவே இதையும் ‘வெறும் அழுக்கு’ என்று விட்டுவிடக் கூடாது.

சாதாரணக் குழாய் பிரஷ் இதைத் தொடாது. .357 அறைக்கு .40 அளவு வெண்கல பிரஷ் வேண்டும், அது இறுக்கமாகப் போகும். கரைப்பானை அறையில் தடவி கால் மணி நேரம் ஊற விட்டு, பிரஷைத் திருகியபடி இருபது முறை ஓட்டுங்கள். ஈயம் அதிகமென்றால் பாத்திரம் துலக்கும் செப்புக் கம்பிச் சுருளில் சில இழை பிரித்துப் பழைய பிரஷில் சுற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செப்பு பூசிய இரும்பு, அறையைக் கீறிவிடும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஈயத்தைக் கரைக்கும் யோசனை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கரைந்து வருவது ஈய அசிடேட், தோல் வழியேயும் உடம்பில் ஏறக்கூடிய நஞ்சு.

இன்னொரு எளிய கருவி உங்கள் மேசையிலேயே இருக்கிறது. பிரைமர் எடுத்த .357 உறை ஒன்றின் வாயை எக்ஸ்பாண்டர் டையில் (உறை வாயை விரிக்கும் அச்சில்) வழக்கத்தைவிடச் சற்று அதிகம் விரித்து, அறைக்குள் தள்ளித் திருகினால் அதன் கூரிய விளிம்பு வளையத்தைச் சுரண்டி எடுத்துவிடும். பித்தளை என்பதால் எஃகுக்குக் காயமில்லை.

நிரந்தரத் தீர்வு, மிதமான தோட்டாவையும் .357 உறையிலேயே நிரப்புவது. ஆனால் .38-க்குரிய மருந்தளவை அப்படியே நீண்ட உறைக்கு மாற்றாதீர்கள். உள்ளே இடம் கூடுவதால் அழுத்தம் விழுந்து, செம்பு மூடிய ஜாக்கெட் குண்டாக இருந்தால் குழாயின் நடுவிலேயே நின்றுபோகலாம். .357 உறைக்கென்று அட்டவணையில் அச்சாகியிருக்கும் அளவையே எடுங்கள்.

தோட்டாவே குற்றவாளி என்றால்

மருந்தளவில் தொடங்குங்கள். தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபாருங்கள். 0.1 கிரெயின் என்பது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம்தான். மின்னணுத் தராசு என்றால் மின்விசிறிக் காற்றே அந்த அளவு காட்டும். டர்பன் கோடையில் விசிறியை நிறுத்துவது கஷ்டம், ஆனாலும் அளக்கும் அந்த அரை மணி நேரம் நிறுத்தியாக வேண்டும். பிறகு அதே தொகுப்பில் சுடாத தோட்டா ஐந்தைச் சுத்தியல் புல்லரில் (தட்டிக் குண்டைக் கழற்றும் கருவியில்) பிரித்து ஒவ்வொன்றின் மருந்தையும் எடை போடுங்கள். ஐந்தும் ஒன்றுபோல் இருந்தால் அளவையே குறைக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் மருந்தளக்கும் பவுடர் மெஷரில் மருந்து ஒன்றோடொன்று அடைத்துக்கொண்டு சீராக விழவில்லை என்று பொருள்.

அளவு சரி என்றால், அது எந்தக் குண்டுக்குச் சரி என்று கேளுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு குண்டில் ஒன்று நீளமாக இருந்தால் உறைக்குள் ஆழமாக இறங்கும். மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். வேகமாக எரியும் மருந்தில் அரை மில்லிமீட்டர் ஆழம்கூடப் பொருட்படுத்த வேண்டியது. தோட்டாவின் மொத்த நீளத்தை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிரைமரையும் பாருங்கள். கடையில் சாதாரண ஸ்மால் பிஸ்டல் பிரைமர் கிடைக்கவில்லை என்று மேக்னம் பிரைமருக்கு மாறியிருந்தால் பழைய அளவு பழைய அளவாக இராது. அடியிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

ஏறும் முறை இதுதான். உள்நாட்டுத் தயாரிப்பான சோம்செம் மருந்து என்றால் சோம்செம் அட்டவணை, வேறு மருந்து என்றால் அந்தந்தத் தயாரிப்பாளரின் அட்டவணை. தொடக்க அளவில் ஆறு தோட்டா, பிறகு 0.2 கிரெயின் கூட்டி ஆறு. வேகமான மருந்தென்றால் 0.1 கிரெயின் கூட்டினால் போதும். உறை எந்தப் படியில் முதன்முதலாக முரண்டுகிறதோ அங்கே நிறுத்தி, இரண்டு படி இறங்குங்கள். அதற்கு மேலே அட்டவணை அனுமதித்தாலும் உங்கள் துப்பாக்கி அனுமதிக்கவில்லை. குண்டின் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் இருந்தால் அதையும் நம்புங்கள். அட்டவணையின் குழாயைவிடக் குட்டையான குழாயில் அட்டவணை வேகத்தைத் தாண்டுகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் வேகத்துக்கு விலை அழுத்தம்தான். எதிர்ப்புறமும் எச்சரிக்கை உண்டு. மேக்னத்துக்கான மெதுவான உருண்டை மருந்துகள் சிலவற்றை, அச்சிட்ட தொடக்க அளவுக்கும் கீழே இறக்கக் கூடாது. எரிவது தாறுமாறாகும்.

ஜூலையில் காலை ஏழு மணிக்குச் சோதித்துத் தேறிய அளவு, ஜனவரியில் பக்கியின் (பிக்அப் வண்டியின்) டேஷ்போர்டில் இரண்டு மணி நேரம் வெந்த பிறகு அதே அளவு அல்ல. பல மருந்துகள் சூட்டில் வேகமாக எரியும். உச்சத்தை ஒட்டிய அளவுகள் கோடையில் சிக்குவதற்கு இது போதும். தோட்டாவை மூடிய பெட்டியில், நிழலில் எடுத்துப் போங்கள்.

பித்தளை

ரேஞ்சில் பொறுக்கிய உறையில் முதல் கோளாறு அடிப்பக்க வீக்கம். உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் (சைஸ் செய்யும்) கார்பைடு டையின் வளையத்துக்கு வாயில் சாய்வு இருப்பதால், விளிம்புக்கு மேலே சில மில்லிமீட்டர் வரை அது எட்டாது. அகன்ற அறையில் சுட்டு அங்கே வீங்கிய உறையை உங்கள் டை சரி செய்யாது. இறுகலான உங்கள் அறையில் அது நுழையும்போதே உரசும், சுட்ட பிறகு விடாது. மருந்து போடும் முன், சைஸ் செய்த ஒவ்வொரு உறையையும் சிலிண்டர் அறையில் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே ‘டொக்’ என்று விழ வேண்டும். தள்ள வேண்டியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது நீளம். வெர்னியரில் 32.8 மில்லிமீட்டரைத் தாண்டிய .357 உறையை 32.5-க்கு வெட்டுங்கள். நீளம் மாறினால் உறை வாய் குண்டைப் பிடிக்கும் மடிப்பான கிரிம்ப்பும் மாறும், ஒரே தொகுப்பில் அழுத்தம் ஏறி இறங்கும். வாயிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை விரிசல் உள்ளதைத் தயங்காமல் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நிக்கல் பூசிய உறை வழுவழுப்பாக வெளியே வரும், ஆனால் வாய் சீக்கிரம் வெடிக்கும்.

கழுவும் விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. குத்துவிளக்கு துலக்க வைத்திருக்கும் பித்தளை பாலிஷில் பெரும்பாலும் அம்மோனியா இருக்கும். அது பித்தளையின் உள்ளேயே விரிசல் வைக்கும். விளக்குக்குக் கேடில்லை, தோட்டா உறைக்குக் கேடு. புளியும் வேண்டாம், சக்கை உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் வெந்நீரில் முக்கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல், முழுக்க உலர்த்தல். நேரம் கூடினால் பித்தளை இளஞ்சிவப்பாகும், துத்தநாகம் கரைந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

உறை சிக்குகிறதே என்று அறையில் எண்ணெய் தடவிச் சுடுவது பெரிய தவறு. சுவரைப் பிடிக்க முடியாத உறை முழு விசையோடு பின்வாங்கிச் சட்டத்தில் மோதும். அதோடு எண்ணெய் எரிந்து இன்னும் கரி சேரும். அறை உலர்ந்திருக்க வேண்டும், உறையில் சைஸிங் மெழுகு மிச்சம் இருக்கக் கூடாது.

துப்பாக்கியின் பக்கம்

எஜெக்டர் கம்பியின் தலையில், உறைகளைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டை உயர்த்தி அடியில் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் இரண்டு இருந்தால்கூடத் தகடு முழுதும் அமராது, சிலிண்டர் மூடவே முரண்டும். உறைகளைக் கொட்டும்போது குழாயை நிமிர்த்திப் பிடித்தால் துகள்கள் அங்கே சேராமல் உறையோடு கீழே போய்விடும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். உறையின் விளிம்பு தகட்டுக்கு அடியில் நழுவி மாட்டிக்கொண்டால் தகட்டைத் தூக்கிப் பிடித்து மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள், கத்தியால் நெம்பாதீர்கள். கம்பி தளர்ந்திருந்தால் அறைகளில் வெற்று உறை போட்டுத் தகட்டுக்குத் தாங்கல் கொடுத்த பிறகே இறுக்குங்கள். திருகு எந்தப் பக்கம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கையேட்டைப் பார்க்காமல் பலம் காட்ட வேண்டாம்.

ஒரே அறையில் மட்டும் சிக்கல் நிற்குமானால், அந்த அறையில் வந்த உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீளவாட்டுக் கோடு தெரிந்தால் கீறல். அம்மைத் தழும்பு போல் புள்ளிகள் பதிந்திருந்தால் துருப்பள்ளம். உறை அச்சு எடுத்ததுபோல் காட்டிவிடும். கடலோரத்தில் துப்பாக்கியைத் தோல் உறையில் வைத்தே பெட்டியில் பூட்டுகிறவர்களுக்கு இது அதிகம் வரும். தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகிலேயே வைத்திருக்கும். வெளியே எடுத்து, துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பள்ளம் விழுந்த அறையை வீட்டில் டிரில் பூட்டி எமரித் தாளால் தேய்க்காதீர்கள். அறை அகன்றாலோ முட்டை வடிவானாலோ திரும்ப வழியில்லை. அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. அவரிடம் போகும்போது எண்ணிட்ட அறைகளிலிருந்து எடுத்த உறைகளையும், அடியிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் மைக்ரோமீட்டரில் எடுத்த விட்ட அளவுகளையும் கொண்டுபோங்கள். மற்ற ஐந்தைவிட ஒன்று மட்டும் தெளிவாகப் பருத்திருந்தால் அந்த அறை ஏற்கனவே விரிந்திருக்கலாம். அவர் பார்க்கும் வரை அந்தச் சிலிண்டரில் ஒன்றும் சுட வேண்டாம்.

மிஞ்சிய தொகுப்பு

சந்தேகத்துக்குரிய தோட்டாக்களை ‘பிறகு பார்க்கலாம்’ என்று பெட்டியில் வைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அடுத்த வருடம் அதை எடுக்கும் கைக்கு அதன் கதை தெரியாது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, டெடிகேட்டட் (முறையாகப் பதிவான வேட்டைக்காரர் அல்லது விளையாட்டுச் சுடுநர்) தகுதி பெறாதவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சுட முடியாத தொகுப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். பிரைமருக்கும் வரம்பு 2400. ஆகவே புதிய அளவைச் சோதிக்கும்போது முப்பதுக்கு மேல் ஒருநாளும் நிரப்பாதீர்கள். தவறானால் பிரிக்கவும் ஒரு மாலை போதும். குண்டும் உறையும் மீண்டும் பயன்படும். பிரித்த மருந்தைப் பழைய டப்பாவில் கொட்டாமல் தோட்டத்து மண்ணில் மெல்லிதாகத் தூவிவிடலாம். பெட்டியின் மேல் சிவப்பு மையில் தேதி, மருந்து, அளவு, குண்டு, எந்த அறையில் சிக்கியது என்று ஒரு சீட்டு எழுதி, அதன் நகலை உங்கள் ரீலோடிங் நோட்டில் ஒட்டிவையுங்கள்.